நீவாரம் என்னும் குளநெல்

சிவாலயங்களில் உருத்திராபிடேகம் நிகழுங்கால், திருவுருத்திரத்தைத் தொடர்ந்து சமகம் ஓதப்பெறுவதை அன்பர்கள் பலரும் கேட்டிருப்பர். மனிதன் இறைவனிடத்து வேண்டத்தக்கவை யாவை என்பதைச் சமகம் ஒவ்வொன்றாக அடுக்கிக் கேட்கிறது. அதன் நான்காம் அனுவாகத்தின் இறுதிப் பகுதியில் பன்னிரண்டு தானியங்கள் வேண்டப்படுகின்றன. அவற்றுள் முதலில் வருவது விரீகி. அஃதாவது வயலில் உழுது பயிரிடும் நெல். உளுந்து, எள், பயறு, கோதுமை, தினை முதலியன இடையில் வருகின்றன. பன்னிரண்டாவதாக, எல்லாவற்றுக்கும் முடிவில் வருவது நீவாரம்.

நெல்லும் வேண்டும், நீவாரமும் வேண்டும் என்று தனித்தனியே கேட்டதனால் இவ்விரண்டும் வேறு வேறு பொருள்கள் என்பது தெளிவு. ஆயினும் நீவாரம் யாது என்று கேட்டால், நாள்தோறும் சமகம் கேட்போருள்ளும் விடை கூறுவோர் சிலரே. அவ்விடையைக் கூறுவதும், அத்தானியம் இன்று எங்கெங்கு எந்நிலையில் உள்ளது என்பதை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருமால் கோயில்களில் ஓதப்பெறும் நாராயண சூக்தத்திலும் நீவாரம் இடம்பெறுகிறது. தைத்திரீய ஆரண்யகத்தின் பத்தாம் பிரபாடகத்தில் அமைந்த இச்சூக்தம், இதயத்தைக் கவிழ்ந்த தாமரை மொட்டாக உருவகித்து, அதனுள் எரியும் சுடரின் நுண்மையைச் சொல்லவந்த இடத்தில், கருமேகத்தின் நடுவே மின்னற்கொடி போன்றது என்றும், நீவாரத்தின் சூகம் போல் மெல்லியது, பொன்னிறமானது என்றும் கூறுகிறது. அச்சுடரின் நடுவில் பரமாத்மா எழுந்தருளியிருப்பதாக அது முடிவு செய்யும். சூகம் என்பது தானியத்தின் உமி நுனியிலிருந்து நீளும் வால். பதவுரை எழுதினோர் சிலர் ‘நெல்லின் முனை’ என்று பொதுப்பட உரைத்து அப்பாற் சென்றுவிடுகின்றனர். அவ்வாறு உரைத்தால் உவமையின் உயிர் போய்விடும். நாம் உண்ணும் நெல்லில் பெரும்பாலானவற்றுக்கு வால் இல்லை; இருப்பினும் குறுகியதே. நீவாரத்தின் மணிக்கோ, மணியின் நீளத்தைப் போலப் பன்மடங்கு நீண்ட வால் உண்டு. காலைக் கதிரவன் எதிரே நிற்க, குளத்தோரத்தில் கதிர் முற்றிய நீவாரத்தைப் பார்த்தவர்க்கு அந்த உவமை தானே விளங்கும்.

அமரகோசம் நீவாரத்தைத் திருணதானியம், அஃதாவது புல்லரிசி வகை எனப் பகுத்துக் கூறுகிறது. தமிழில் இதற்குக் குளநெல் என்று பெயர். உழாமல், விதைக்காமல், நீர் பாய்ச்சாமல் குளத்தில் தானே விளைவதாகலின் அப்பெயர் பெற்றது. பெயரொப்புமை கருதி இதனை நவரைப் பட்டத்து நெல்லோடும், கேரளத்தில் மருத்துவத்துக்குப் பயன்படும் ஞவரை நெல்லோடும் மயங்குவார் உளர். அவை பயிரிடப்படும் நெல் வகைகள். மலைச்சாரலில் விளையும் ஐவன நெல்லும் மூங்கிலரிசியும் கூட வேறானவையே. பறம்பு மலையில் உழவர் உழாமலே கிடைக்கும் பொருள்கள் நான்கினைக் கபிலர் புறநானூற்றில் தொகுத்துரைக்கிறார். அவற்றுள் மூங்கிலரிசி உண்டு, குளநெல் இல்லை. அவர் பாடியது மலைவளம். குளநெல் சமவெளியின் செல்வம்.

முனிவர் உணவு

நீவாரத்துக்கு முனியன்னம் என்னும் பெருமை வாய்த்ததற்குக் காரணம் உண்டு. காட்டில் தவவாழ்வு மேற்கொண்ட வானப்பிரத்தர், கலப்பையால் உழுத நிலத்தில் விளைந்ததை உண்ணலாகாது என்று மனுநூல் விதிக்கிறது. உழும்போது மண்ணில் வாழும் சிற்றுயிர்கள் மாளும், எருதுகள் வருந்தும், விளைந்த பொருளில் உரிமை பற்றிய வழக்கும் எழும். தானே விளைந்து தானே உதிரும் தானியத்தில் இவை ஒன்றும் இல்லை. வாசபேய வேள்வியில் பிருகற்பதிக்கு அளிக்கப்படும் சரு என்னும் அவியுணவு நீவார அரிசியால் சமைக்கப்படுவதே.

காளிதாசரின் சாகுந்தலத்தில் ஓர் இனிய இடம் உண்டு. தேரில் வரும் துட்யந்த மன்னன், இது முனிவர் வாழும் இடமென்று எவரும் சொல்லாமலே அறிந்துகொள்கிறான். கிளிகள் வாழும் மரப்பொந்துகளின் வாயிலிருந்து உதிர்ந்த நீவார மணிகள் மரத்தடியில் கிடப்பதும் அவன் கண்ட அடையாளங்களுள் ஒன்று. பின்னர் விதூடகன், முனிவர்களின் நீவாரத்தில் ஆறிலொரு பங்கை வரியாகக் கேட்கலாமே என்று மன்னனுக்கு யோசனை சொல்லும் நகைச்சுவையும் அந்நாடகத்தில் உண்டு. உதிர்ந்த புல்லரிசிக்கு வரியா என்று அக்காலத்து அவையோர் நகைத்திருப்பர்.

இவை யாவும் பழங்கதை என்று கருத வேண்டா. வடநாட்டில் இன்றும் இவ்வழக்கம் உயிரோடு இருக்கிறது. கண்ணபிரான் அவதார நாளாகிய அட்டமிக்கு இரண்டு நாள் முன்னதாக வரும் சட்டி, பலராமர் அவதரித்த நாளாகக் கொள்ளப்படுகிறது. கலப்பையைப் படையாக ஏந்தியவர் அவர். அந்நாளை அலசட்டி என்பர். அலம் என்பது கலப்பை. சத்தீசுகர் மாநிலத்தில் இதனைக் கமர்சட் என்றும் வழங்குவர். மக்களின் நலம் வேண்டி நோன்பிருக்கும் தாய்மார்கள், கலப்பை பட்ட நிலத்தில் விளைந்த எதனையும் அன்று உண்பதில்லை. பசகர் என்று அவர்கள் வழங்கும் காட்டரிசியைச் சமைத்தே நோன்பை முடிப்பர். உத்தரப்பிரதேசத்தின் கீழைப்பகுதியில் தின்னி என்னும் பெயரில் காட்டரிசி விரத உணவாக விற்பனையாகிறது. இவ்வரிசிகள் நீவாரமும் அதன் நெருங்கிய உறவாகிய மற்றொரு காட்டு நெல்லும் ஆகும். நோன்பு நாளை ஒட்டி இதன் விலை நாம் உண்ணும் உயர்ந்த அரிசியின் விலையையும் விஞ்சிவிடும். அதற்குக் காரணம் பக்தி மட்டுமன்று. இதனைச் சேகரிக்கும் தொல்லையும் ஆகும்.

செடியின் இயல்பு

அத்தொல்லை எத்தகையது என்று அறிய, செடியின் இயல்பை அறிதல் வேண்டும். நீவாரம் ஓராண்டுச் செடி. மழை பெய்து பள்ளங்களில் நீர் தேங்கியதும் முளைக்கும். ஆழமற்ற நீரில் வளரும். நீர் வற்றத் தொடங்கும்போது பூத்துக் காய்க்கும். சேறு காய்ந்து வெடிக்கும் காலத்தில் தான் மடிந்து விதையை மண்ணில் விட்டுச் செல்லும். இலையும் தண்டும் பார்வைக்கு நெற்பயிரே. கதிர் வரும் வரையில் தேர்ந்த உழவரும் பிரித்தறிதல் அரிது. கதிர் வந்த பின்னரோ ஐயத்துக்கு இடமில்லை. 4 முதல் 10 சென்டிமீட்டர் வரை நீண்ட, சொரசொரப்பான வால் ஒவ்வொரு மணியிலும் நிற்கும். உமியை நீக்கினால் உள்ளே அரிசி சிவந்திருக்கும்.

பயிர்நெல்லின் மணி முற்றிய பின்னும் கதிரில் தங்கும், அடித்தால்தான் உதிரும். நீவாரத்தின் மணி முற்றிய உடனே தானே உதிரும். அதுவும் ஒரே நாளில் அன்று, நுனியிலிருந்து சிறிது சிறிதாக. அரிவாளோடு சென்றால் வைக்கோலே மிஞ்சும். ஆதலின் அறுவடை செய்வதில்லை. கூடையை வீசிக் கதிர்களைத் தட்டி, உதிர்வனவற்றை ஏந்துவர். அவ்வாறு ஏந்தியும் பெரும்பகுதி சேற்றுக்கும் பறவைக்குமே போய்ச் சேரும். காளிதாசர் கண்ட கிளிகள் இன்றும் தம் பங்கைக் கைவிடவில்லை.

உதிர்ந்த மணிக்கு வால் ஒரு கருவி. அதிலுள்ள நுண்முட்கள் ஒரே திசையில் சாய்ந்திருப்பதால், மணி சேற்றில் தலைகீழாக இறங்குமேயன்றி மேலே ஏறாது. விலங்கின் மயிரில் ஒட்டிக்கொண்டு அடுத்த குளத்துக்கும் செல்லும். மண்ணுள் இறங்கிய விதை உடனே முளைப்பதுமில்லை. கோடைமழை ஒன்றை நம்பி முளைத்தால் கருகிவிடும் என்பதை உணர்ந்தது போல, உறங்கிக் கிடந்து உரிய பருவத்திலேயே முளைக்கிறது. பயிர்நெல் இவ்வியல்புகளையெல்லாம் மனிதன் கையில் ஒப்படைத்துவிட்டது. நாம் விதைத்தால் முளைக்கும். நாம் அறுத்தால் உதிரும். நாம் இல்லையேல் சில ஆண்டுகளில் இல்லாமற் போகும்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு சிறியது என்பது வியப்புக்குரியது. மணி காம்போடு பொருந்தும் இடத்தில் ஒரு மெல்லிய அடுக்கு உருவாகி, முற்றியதும் அது அற்றுப்போவதால் காட்டு நெல் உதிர்கிறது. பயிர்நெல்லில் அவ்வடுக்கு முழுமையாக உருவாவதில்லை. பயிர்நெல்லையும் நீவாரத்தையும் கலந்து ஆராய்ந்த அறிவியலார், இவ்வேறுபாட்டுக்குப் பெருங்காரணமாகிய ஒரு மரபணுவை 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதில் ஒரே ஓர் எழுத்து மாறியதே உதிர்தல் குறைந்ததற்குப் போதுமானதாயிற்று. காட்டுப் புல் வீட்டுத் தானியமான கதையில் இஃது ஒரு முதன்மையான திருப்பம்.

தாவரவியலார் இச்செடியை நெடுங்காலம் பிற காட்டு நெல்லோடு ஒன்றாகவே கருதிவந்தனர். எஸ்.டி. சர்மா, எஸ்.வி.எஸ். சாஸ்திரி என்னும் இந்திய அறிஞர் இருவர் 1965-ஆம் ஆண்டில் இதனைத் தனியினமாக வரையறுத்து, வேதப் பெயரையே சூட்டி ‘ஒரைசா நிவாரா’ என வழங்கினர். இதன் உடன்பிறப்பு ‘ஒரைசா ரூபிபோகன்’. அது பல்லாண்டு வாழ்வது. வற்றாத ஆழ்நீரில் தண்டை நீட்டிப் படர்வது. விதை குறைவாகவும் கிளை மிகுதியாகவும் பெருகுவது. இரண்டும் ஓரினத்தின் இரு வடிவங்களே என்பாரும் உளர். அவ்வாராய்ச்சி நமக்கு வேண்டா. வற்றும் நீரில் வாழ்வது நீவாரம், வற்றாத நீரில் வாழ்வது மற்றது என்று கொண்டால் போதும்.

வாழும் இடங்கள்

நீவாரம் இமயமலை அடிவாரத்துத் தராய் நிலம், கங்கைச் சமவெளி, மத்திய இந்தியா, சத்தீசுகர், ஒடிசா, தக்காண மேட்டுநிலம் ஆகியவற்றில் பரவியுள்ளது. தமிழகத்திலும் உண்டு. நேபாளம், வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து, லாவோசு, கம்போடியா என்று கிழக்கே செல்கிறது. இலங்கையில் மழை குறைந்த வறள் வலயத்தின் குளங்களில் வளர்கிறது. வெயில் நேரே படும் ஆழமற்ற நீரே இதற்கு வேண்டுவது. ஏரியின் உள்வாய், ஊருணியின் ஓரம், வாய்க்காலின் தேக்கம், சாலையோரப் பள்ளம் ஆகியவை இதன் இல்லங்கள். நான்கு புறமும் கருங்கற்படி அமைந்த திருக்குளத்தில் இதனைத் தேடுவது பயனற்றது. படிக்கட்டில் சேறு இல்லை. அத்திருக்குளத்துக்கு நீர் கொணரும் ஏரியிலும் கால்வாயிலுமே தேடல் வேண்டும்.

இவ்வளவு நாடுகளில் பரவியிருப்பதால், நீவாரம் உலகில் அருகிவிட்ட இனம் என்று சொல்லுதல் பொருந்தாது. ஆயின் கவலைக்கு இடமில்லையா என்றால், உண்டு. அதனை விளக்க ஒரு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும்.

1970-களின் தொடக்கத்தில் ஆசிய நாடுகளின் வயல்களில் ஒரு வைரஸ் நோய் பரவிற்று. நோயுற்ற பயிர் குட்டையாகி, எண்ணற்ற தூர்கள் கட்டி, வெறும் புற்றூறு போல் நின்றுவிடும்; கதிர் ஈனாது. அந்நோயைப் பரப்புவது நம் உழவர் நன்கறிந்த புகையான் பூச்சி. பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார், இந்நோயைத் தாங்கும் நெல் எதுவென்று தேடி, தம்மிடமிருந்த 6,000-க்கும் மேற்பட்ட நெல் விதைகளை ஆராய்ந்தனர். பயிர்நெல் ஒன்றும் தாங்கவில்லை. தாங்கியது ஒரே ஒரு சேகரிப்பு. அது நீவாரம், உத்தரப்பிரதேசத்தில் திரட்டப்பட்டு, 101508 என்ற எண்ணிட்டு வைக்கப்பட்டிருந்தது. அதிலும் எல்லாச் செடிகளும் தாங்கவில்லை, சிலவே தாங்கின.

குருதேவ் சிங் குஷ் என்னும் இந்திய அறிஞரின் தலைமையில், அந்தச் சில செடிகளைப் பயிர்நெல்லோடு கலந்து, மீண்டும் மீண்டும் பயிர்நெல்லோடே சேர்த்து, நோய் தாங்கும் ஆற்றல் ஒன்று மட்டும் நிலைக்குமாறு செய்தனர். 1974-இல் ஐ.ஆர். 28, 29, 30 ஆகிய வகைகளும், 1976-இல் ஐ.ஆர். 36 என்னும் வகையும் வெளிவந்தன. ஐ.ஆர். 36 மட்டும் 1980-களில் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் ஹெக்டேரில் பயிரானது. அதுவரை வேறெந்த நெல் வகையும் அவ்வளவு பரப்பில் பயிரிடப்பட்டதில்லை. தமிழகத்து உழவர் ஒருகாலத்தில் விரும்பிப் பயிரிட்ட ஐ.ஆர். 50 என்னும் நெல்லும் அவ்வழி வந்ததே. அந்நாளில் நம் இல்லங்களில் உலையிலிட்ட அரிசியில், நாம் அறியாமலே, நீவாரத்தின் ஒரு துளி கலந்திருந்தது.

அந்த ஒரு குளக்கரைக் கூட்டத்திலிருந்து விதை எடுக்கப்படாமல், அப்பள்ளம் முன்னரே தூர்க்கப்பட்டிருந்தால், உலகிலுள்ள மற்ற நீவாரம் அனைத்தும் இருந்தும் அந்நோய்க்கு அவர்கள் தேடிய மருந்து கிடைத்திராது. காட்டு நெல்லைப் பொறுத்தவரை இனம் இருக்கிறது என்பது ஆறுதல் அன்று. ஒவ்வொரு குளத்திலும் வாழும் கூட்டம் தனித்தனிக் குடும்பம். ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இராது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தார் பிற்காலத்தில் வேறொரு நீவாரச் சேகரிப்பிலிருந்து பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கும் மரபணுவையும், இன்னொன்றிலிருந்து புகையானையே தாங்கும் மரபணுவையும் கண்டனர். பின்னது வெளியானது 2018-இல். உடன்பிறப்பாகிய ரூபிபோகன் செய்த உதவியும் சிறிதன்று. 1970-இல் சீனத்தின் ஹைனான் தீவில் ஒரு நீர்நிலையருகே கண்டெடுத்த மகரந்தமற்ற காட்டு நெற்செடியே, யுவான் லோங்பிங் குழுவினர் உருவாக்கிய வீரிய ஒட்டு நெல்லுக்கு மூலமாயிற்று.

குறைந்துவரும் காரணம்

நீவாரத்தின் கூட்டங்கள் பல வழிகளில் அழிகின்றன. பள்ளங்களை மேடாக்கி மனையாக்குவது வெளிப்படை. ஏரிக்கரையைச் செப்பனிடுகிறோம் என்று உள்வாய் முழுவதும் செங்குத்தாகத் தோண்டுவதும், விளிம்புக்குக் கான்கிரீட் போர்த்துவதும் அடுத்தவை. இவற்றைத் தீங்கென்று எவரும் எண்ணுவதில்லை. நீர் மிகுதியாக நிற்கிறது என்று மகிழ்கிறோம். ஆனால் சாய்வாக இறங்கும் சேற்று விளிம்பு மறைந்தால், நீவாரம் மட்டுமன்று, கோரையும் நாரையும் மறையும். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் எஞ்சிய விளிம்பை மூடிக்கொள்கின்றன. களைக்கொல்லி வாய்க்கால் வழியே வந்து சேர்கிறது.

இவற்றினும் நுட்பமானது வேறொன்று, கண்ணுக்குத் தெரியாதது. நீவாரமும் பயிர்நெல்லும் ஒரே எண்ணிக்கையில், 24 குரோமோசோம்கள் கொண்டவை; தடையின்றிக் கலக்கக்கூடியவை. குளத்தை ஒட்டி வயல் வந்துவிட்டால், காற்றில் மகரந்தம் வந்து சேரும். ஆண்டுக்குச் சிறிதே ஆயினும், தலைமுறை தலைமுறையாகக் கலப்பு ஏறும். செடி இருக்கும், பார்வைக்குக் காட்டு நெல்லாகவே இருக்கும், உள்ளே பழைய நீவாரம் தேய்ந்துகொண்டே போகும். தைவான் தீவில் இருந்த காட்டு நெற்கூட்டத்துக்கு இதுவே நேர்ந்தது. வாழிடம் சுருங்க, வயல் நெருங்க, கலப்பு மிக, விதை பிடிக்கும் ஆற்றல் குன்றி, 1970-களின் இறுதியில் அது இயற்கையில் முற்றும் அற்றுப்போயிற்று. நீவாரம் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வதால் இத்தீங்கு சற்றுத் தாமதிக்கிறது, நீங்கிவிடவில்லை.

இக்கலப்பின் மறுபுறத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கலப்பால் பிறந்த களைநெல் வயலில் புகுந்தால் உழவருக்குப் பெருந்துன்பம். நாற்றாக இருக்கும்போது அடையாளம் தெரியாது. முற்றுமுன்னே உதிர்ந்து அடுத்த ஆண்டுக்கும் மண்ணில் தங்கிவிடும். சிவந்த அரிசி கலந்த நெல்லுக்கு வணிகர் விலை குறைப்பர். நாற்று நடுவதை விட்டு நேரடியாக விதைக்கும் வயல்களில் இத்தொல்லை மிகுதி. ஆகவே வயலில் தோன்றும் களைநெல்லைப் பிடுங்கி எறியும் உழவரைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. வயலில் அது களை. அதனையே குளத்திலும் தேடிச் சென்று அழிக்க வேண்டுவதில்லை என்பதே வேண்டுகோள். வயலுக்கும் நீவாரம் வாழும் விளிம்புக்கும் இடையே சற்று இடைவெளி இருக்குமாயின் இருதிறத்தார்க்கும் நன்று.

காக்கும் வழிகள்

காக்கும் முயற்சிகள் இருவகை. விதையைத் திரட்டிக் குளிரறையில் வைப்பது ஒன்று. பிலிப்பைன்ஸ் நிறுவனத்தின் விதை வங்கியில் 1,30,000-க்கும் மேற்பட்ட நெல் வகைகள் பேணப்படுகின்றன. காட்டு நெல்லும் அவற்றுள் உண்டு. புதுதில்லியிலுள்ள தேசியத் தாவர மரபுவள நிறுவனமும் காட்டு நெல்லைத் திரட்டி வைத்துள்ளது. நீண்டகாலச் சேமிப்புக்கு உரிய அறைகளில் வெப்பநிலை உறைநிலைக்கும் 20 பாகை கீழே இருக்கும். இது மிகவும் வேண்டப்படுவதே. ஆனால் குளிரறையில் இருக்கும் விதை, திரட்டிய நாளில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே நிற்கும். புதிய நோய் வந்தால் அதனோடு போராடிப் பழகும் வாய்ப்பு அதற்கு இல்லை. குளத்தில் வாழும் செடிக்கு ஆண்டுதோறும் அந்தப் பயிற்சி உண்டு. எனவே வாழுமிடத்திலேயே காப்பது இரண்டாவது வகை. சீனத்தில் ரூபிபோகன் வாழும் இடங்கள் சிலவற்றைச் சுவர் எழுப்பி, வேலி அமைத்துக் காத்து வருகின்றனர். வடகோடியில், ஜியாங்சி மாநிலத்துத் தோங்சியாங் என்னுமிடத்தில் வாழும் கூட்டம் அவ்வாறு காக்கப்படுவனவற்றுள் ஒன்று.

நமக்கு இது புதிய சிந்தனை அன்று. ஆலமரம், வன்னி, வில்வம் முதலியவற்றைத் தலமரமாகக் கொண்டு, அவற்றைக் கைவைக்காமல் காத்தது நம் மரபு. புல்லுக்கும் அப்பேறு கிடைத்ததுண்டு. திருநள்ளாற்றில் தலமரம் தருப்பை. இறைவன் திருப்பெயரே தருப்பாரண்யேசுவரர். திருப்புல்லாணியில் இராமபிரான் தருப்பைப் புல்லிற் பள்ளிகொண்ட கோலத்தில் சேவை சாதிக்கிறார். தருப்பை நாள்தோறும் சடங்குக்கு வேண்டியிருந்ததால் மக்கள் அதனை மறக்கவில்லை. நீவாரம் நாவில் மட்டும் நின்று, கண்ணிலிருந்து அகன்றுவிட்டது. சமகம் ஓதும் பெரியோர், தாம் ஓதும் பன்னிரண்டாம் தானியத்தை ஒருமுறையேனும் இளையோர்க்குக் காட்டினால், அதற்கும் தருப்பைக்குக் கிடைத்த கவனம் கிடைக்கும் என்பது என் எண்ணம். இது கோயிற்பணியாளரும் ஊர்ப்பெரியோரும் கூடிச் செய்யக்கூடிய எளிய செயல்.

ஏரிகளைத் தூர்வாருங்கால், உள்வாயின் ஒரு மூலையையேனும் சாய்வான சேற்று விளிம்பாகத் தோண்டாமல் விடுமாறு கேட்டுக்கொள்ளலாம். தூரோடு விதையும் வண்டியில் ஏறிப் போய்விடுகிறது; ஒரு மூலை எஞ்சினால் ஓரிரு பருவத்தில் அங்கிருந்து மீண்டும் பரவும். இயற்கை உயிர்வளச் சட்டம் 2002-இன்படி, ஒவ்வோர் ஊராட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பெற வேண்டும். நெல், மாடு, மூலிகை எனப் பதியும் போது, ஊர்க் குளத்தில் காட்டு நெல் உண்டாயின் அதனையும் பதியச் சொல்லலாம்.

நீர் வடியத் தொடங்கும் பருவத்தில் ஏரி விளிம்பில், நீண்ட வாலோடு கூடிய கதிரும், தொட்டால் உதிரும் மணியும் உள்ள நெற்செடியை அன்பர்கள் எவரேனும் காண்பராயின், பிடுங்கிக்கொண்டு வர வேண்டா. வேர் போனால் அவ்வாண்டு விதையும் போகும். அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வேளாண் கல்லூரிக்கோ தெரிவித்தால், அவர்கள் வந்து பார்த்துத் தேவையெனில் விதை திரட்டுவர். தெரிவிக்கும்போது ஊரின் பெயர், ஏரியின் பெயர், எந்தத் திசைக் கரை, எத்துணை ஆழ நீர், அருகில் வயல் உண்டா, கண்ட நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தல் நலம். எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லாத விதை, ஆராய்வோர்க்குப் பாதிப் பயனே தரும்.